விளக்கு வைக்கமுன் வீடு திரும்பிய பயணங்கள்

இம்மலருக்காகப் பழைய மாணவிகளிடம் புகைப்படங்கள் கேட்டபோது பரிசளிப்பு விழாப் படங்களும் இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்களும் வருமென்று எதிர்பார்த்தோம். அவை வந்தன. அவற்றோடு நாம் கேளாத இன்னொரு வகைப் படங்களும் உறை உறையாக வந்து சேர்ந்தன. கீரிமலையில் ஈரத்தலையோடு வரிசையாக நிற்கும் சகோதரிகள். கசூரினாக் கடற்கரையில் சவுக்கு மரத்தின் கீழ்ப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஒரு குடும்பம். நெடுந்தீவுப் பெருக்குமரத்தின் பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஐந்து முகங்கள். பல படங்களின் பின்புறத்தில் மையினால் இடமும் ஆண்டும் எழுதியிருந்தது.

ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணிற் பட்டது. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை கட்டுக் கட்டாகப் படங்கள். பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒன்றிரண்டைத் தவிர எதுவும் இல்லை. அதன் பிறகு கைத்தொலைபேசியில் எடுத்த வண்ணப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. நடுவிலுள்ள அந்த வெற்றிடத்தில் படித்தவர்களும் எம்முள் இருக்கிறார்கள். எமது குடும்பங்களின் ஒருநாட் பயணங்களைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றியது அதனாலேயே.

ஏன் ஒரே நாள்?

யாழ்ப்பாணக் குடாநாடு சிறியது. காலையில் வெளிக்கிட்டால் எந்தக் கரைக்கும் போய் மாலையில் திரும்பலாம். நகரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் ஆனையிறவு, குடாநாடே முடிந்துவிடும். பெண்பிள்ளைகளை வெளியிடத்தில் இரவு தங்கவிடும் வழக்கமும் அன்று இல்லை. எங்கே போனாலும் விளக்கு வைக்கமுன் வீடு திரும்ப வேண்டும் என்பது எழுதாத சட்டம். வேலியும் படலையும் கடந்து பாடசாலைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்த எமக்கு, எமது நிலம் எப்படியிருக்கும் என்று காட்டியவை இந்தப் பயணங்கள்தான்.

மூத்த அக்காமார் சிலர் மாட்டுவண்டியிற் போனதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன்பின் தட்டிவான் வந்தது. மரத்தாற் கட்டிய திறந்த உடல், குறுக்கே வாங்குகள், கூரையில் மூட்டைகள். மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களின் வீடுகளிற் கார் நின்றது. ஓஸ்ரின் ஏ-40 ஒன்றுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அந்நாளில் வரம்பு இருந்ததாகத் தெரியவில்லை. 1958இல் பஸ் சேவைகள் அரசுடைமையான பின் இ.போ.ச. பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து முழு ஒழுங்கையுமே கிளம்பிய கதைகளும் உண்டு.

பயணத்துக்குக் காரணம் பெரும்பாலும் விருந்தினர்தான். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் கொழும்பிலிருந்து மச்சாள்மார் விடுமுறைக்கு வருவது எளிதாயிற்று. அவர்களுக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்ற சாட்டில் நாமும் ஊரைப் பார்த்தோம்.

எல்லாருக்கும் அது ஓய்வு நாளல்ல. அம்மாவும் சின்னம்மாவும் விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பிப் புட்டு அவித்து, இடியப்பம் பிழிந்து, சம்பல் இடித்து வாழையிலையில் கட்டுவார்கள். தேத்தண்ணிப் பிளாஸ்க், தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, பாய், பிள்ளைக்குத் தலைவலி வந்தால் என்று ஒரு சித்தாலேபச் சிமிழ். சமையற்கட்டு அப்படியே மடித்துக் கூடைக்குள் வைக்கப்பட்டு எம்மோடு வந்தது.

கீரிமலை

எல்லாப் பயணங்களுக்கும் தலைப்பயணம் கீரிமலை. வலிகாமத்தின் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர் நிலத்தடியால் ஓடி, கடலோரத்தில் நன்னீர் ஊற்றாக வெளிப்படுகிறது. உப்புக் கடலுக்கு எட்டிய தூரத்திற் குளிர்ந்த நன்னீர்க் கேணி இருக்கும் அதிசயத்தின் விளக்கம் இவ்வளவுதான். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரின் கதையையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையையும் படிக்கட்டில் வைத்தே அம்மம்மாமார் சொல்லித் தந்தார்கள். மா என்றால் குதிரை, குதிரைமுகம் விட்டுப்போன இடம் மாவிட்டபுரம் என்று ஊர்ப்பெயருக்கு அவர்கள் தந்த விளக்கம் எந்தத் தமிழ்ப் பாடத்தையும் விட மனதில் நின்றது.

ஆண்களின் கேணி கடலைப் பார்த்துத் திறந்திருக்கும். பெண்களின் கேணியைச் சுற்றி மதில். எமக்கு வந்த படங்களில் அந்த மதிலுக்கு உள்ளே எடுத்தது ஒன்றுகூட இல்லை. அங்கே யார் கமராக் கொண்டு போவது? ஆனால் எழுத்தில் வந்த நினைவுகளில் அதிகம் வந்தது அந்த இடமே. கசூரினாவிற் கரையை விட்டு அசையாத அம்மா, கால் நனைப்பதற்கே சேலையைப் பிடித்துக்கொண்டு தயங்கும் பெரியம்மா, பாடசாலையில் நிமிர்ந்து பார்க்கவே நாம் அஞ்சிய ஆசிரியை, இவர்களெல்லாம் அந்த மதிலுக்குள் குறுக்குக்கட்டோடு படியிலிருந்து குதித்தார்கள், நீந்தினார்கள், ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் எற்றிச் சிரித்தார்கள். அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதை எம்மிற் பலர் அறிந்தது அங்கேதான். வெளியே வந்து தலை துவட்டி, கொண்டை முடிந்து, கூடையைத் திறந்ததும் மறுபடி பழைய அம்மாவாகிவிடுவார்.

திரும்பும் வழியிற் சிலர் தோலகட்டிக்குப் போவார்கள். 1928இல் அங்கே தொடங்கப்பட்ட றொசறியன் துறவிகளின் ஆச்சிரமத்தில் நெல்லிரசம் வாங்காமல் வந்தால் அந்தப் பயணம் கணக்கில் வராது.

கடற்கரையும் தீவுகளும்

காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் தந்தவை அங்கு நிற்கும் சவுக்கு மரங்கள். கடல் நெடுந்தூரம் வரை ஆழமில்லாதது. முழங்கால் நீரில் நடந்து நடந்து, கரையில் நிற்பவர்கள் புள்ளியாகும் வரை போகலாம். பெண்பிள்ளைகளைக் கடலுக்குள் விடப் பயந்த தகப்பன்மாரும் அங்கே மட்டும் பேசாமல் இருந்தார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவிலிருக்கும் கடற்கோட்டையையும் காட்டுவார்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை. அவர்கள் இட்ட ஹமன்ஹீல் என்ற பெயருக்குப் பன்றித்தொடையின் குதிப்பகுதி என்று பொருள் சொன்னபோது சைவ வீட்டுப் பாட்டிமார் முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது.

நெடுந்தீவுக்குப் போவது துணிந்தவர்களின் பயணம். குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, ஐரோப்பியர் வளர்த்த குதிரைகளின் வழிவந்து இன்று கட்டற்று மேயும் மட்டக்குதிரைகள். திரும்பும் வள்ளத்தைத் தவறவிட்டால் இரவு அங்கேதான் என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஓடி ஓடியே பார்த்தோம்.

அரசர் இல்லாத வீடு

நல்லூர் எமக்கு அருகில் என்பதால் அது பயணமாகவே எண்ணப்படவில்லை. ஆனாலும் சரித்திர ஆசிரியை எம்மை வரிசையாக நடத்திக்கொண்டு போன இடம் அது. பருத்தித்துறை வீதியோரத்திற் சங்கிலியன் தோப்பு வளைவு, ‘ப’ வடிவிலான யமுனா ஏரி, மந்திரிமனை. 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் அமைச்சர் வாழ்ந்த இடம் என்பது மரபு. இன்று நிற்கும் கட்டடம் பிற்காலத்தது என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. மரத்தூண்களின் செதுக்கலையும் முகப்பின் ஐரோப்பியச் சாயலையும் சேர்த்துப் பார்த்தால் அது விளங்கும். எமக்கு அன்று அதெல்லாம் பொருட்டில்லை. சுரங்கப்பாதை எங்கே என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அரசு இருந்த ஊரில் அரசர் காலத்து மாளிகை ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை என்பதும், மிஞ்சியதைக் காப்பது யார் பொறுப்பு என்பதும் வளர்ந்த பின்பே உறைத்தது.

ஆனையிறவும் சுண்டிக்குளமும்

ஆனையிறவுக்குப் பெயர் தந்தது யானைகள் கடலேரியை இறங்கிக் கடந்த வழி. வன்னியிற் பிடித்த யானைகளை ஏற்றுமதிக்காக அவ்வழியே கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டை பிற்காலத்தில் வாடி வீடாயிற்று. அதன் விறாந்தையிலிருந்து கடலேரியைப் பார்த்தபடி தேநீர் குடித்ததை எழுபது வயது கடந்த ஒரு சகோதரி இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் உப்பளங்கள் வெயிலிற் கண்கூசும்.

அதே கடலேரியின் கிழக்கு முனை சுண்டிக்குளம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாரி தொடங்கியதும் வடக்கிலிருந்து பறவைகள் வந்து, பங்குனி வரையிற் தங்கும். பூநாரைகள், கூழைக்கடாக்கள், ஊசிவால் வாத்துகள். விலங்கியல் படித்த வகுப்புகள் கொப்பியும் பென்சிலுமாகப் போய், எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் விட்டுவிட்டு வந்தன.

படமில்லாத ஆண்டுகள்

பின் இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் கொல்லப்பட்டனர். அந்தக் கடற்பயணத்தை உல்லாசமாக நினைக்க அதன்பின் எவருக்கும் முடியவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கீரிமலையும் தோலகட்டியும் உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்ட நிலத்துக்குள் போயின. அதே மாதத்தோடு யாழ்தேவியின் வரவும் நின்றது. ஆனையிறவில் 1991இலும் 2000இலும் 2009இலும் நடந்த போர்கள் எல்லாரும் அறிந்தவை. தேநீர் குடித்த வாடி வீடு இன்று இல்லை.

1990களில் எமது பாடசாலையிற் படித்தவர்கள் கீரிமலையைப் பற்றிப் புத்தகத்தில் வாசித்தார்கள். அது நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பெற்றோல் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் புகைக்கு நடுவே, ஆசிரியைகள் அவர்களைச் சைக்கிளில் மந்திரிமனைக்கும் நிலாவரைக் கிணற்றடிக்கும் கூட்டிப் போனார்கள். அதையும் செய்யாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த ஆசிரியைகளுக்கு இந்நூற்றாண்டு மலர் கடன்பட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளும் குடும்பத்தோடு பயணம் போகாமல் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில், இலட்சக்கணக்கானவர்களோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். அதுவே எம்மிற் சிலர் தென்மராட்சியை முதன்முதலிற் கண்ட விதம். அதற்கு முன்னரே, ஆனையிறவுப் பாதை மூடியிருந்த நாட்களில், வேறு சிலர் கிளாலியிற் படகேறி இருட்டிற் கடலேரியைக் கடந்தார்கள். அன்றும் அம்மாமார் மூன்று மணிக்கு எழும்பிக் கட்டுச்சோறு கட்டினார்கள். விளக்கு வைக்கமுன் திரும்புவோமா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. அந்தப் பயணங்களை யாரும் படம் எடுக்கவில்லை.

மீண்டும் திறந்த வழிகள்

2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மறுபடி மூடியது, 2009க்குப் பின் நிலையாகத் திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. வலிகாமம் வடக்கின் காணிகள் சிறிது சிறிதாக விடப்பட்டன. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று, பரப்பு 19,000 ஹெக்ரேயருக்கு மேல்.

இப்போது ஆடி மாதமானால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் எமது சகோதரிகள் பிள்ளைகளோடு வருகிறார்கள். வான் பிடித்து ஒரே நாளில் ஏழு இடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குறை சொல்லவில்லை, விடுமுறை இரண்டு கிழமைதான். அப்படி வந்த ஒருவர், வெற்றிட ஆண்டுகளிற் படித்தவர், எமக்கு எழுதினார். நாற்பத்திரண்டாவது வயதில் முதன்முறையாகக் கீரிமலைக்குப் போனாராம். மதிலுக்குள் நுழைந்ததும் மகள் உடனே குதித்துவிட்டாள், கனடாவில் நீச்சல் பழகிய பிள்ளை. இவருக்கு நீந்தத் தெரியாது. அவருடைய அம்மாவுக்குத் தெரியும், ஆனால் கற்றுத்தர இடம் இருக்கவில்லை. எழுபத்தைந்து வயது அம்மம்மா படியில் இருந்தபடி பேத்திக்குச் சொல்லிக் கொண்டிருந்தாராம், அந்தக் கல்லிலிருந்துதான் நான் குதிப்பேன் என்று.

எமது சங்கம் இந்த ஆண்டிலிருந்து ஒரு சிறு வேலையைத் தொடங்குகிறது. வந்த படங்களை இடமும் ஆண்டும் குறித்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கிறோம். வீட்டு அல்பங்களில் இன்னும் இருப்பவற்றின் பிரதியை அனுப்புங்கள். வெற்றிட ஆண்டுகளிற் படித்தவர்கள் படமில்லாவிட்டால் எழுதி அனுப்புங்கள், கிளாலியும் நாவற்குழியும் உட்பட. இன்று படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை ஓரிடத்துக்கு, அவசரமில்லாமல், முழு நாளும் அழைத்துப் போகவும் எண்ணியிருக்கிறோம். முதற்பயணம் கீரிமலை. நீந்தத் தெரிந்த அக்காமார் அந்த நாட்களில் ஊரில் நின்றால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பழக்க ஆட்கள் வேண்டும்.