லினக்ஸ் நிறுவல் படிமம்

லினக்ஸ் நிறுவல் படிமம் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸைக் கணினியில் நிறுவுவதற்காகப் பதிவிறக்கப்படும் கோப்பு ஆகும். இது ஐஎஸ்ஓ கோப்பு எனவும் அழைக்கப்படுகிறது. டெபியன் போன்ற வழங்கல்கள் செயலியின் வகைக்கேற்பத் தனித்தனிப் படிமங்களை வெளியிடுகின்றன.

வகைகள்

* ஏஎம்டி64: 64-பிட் செயலிகளுக்குரியது. இக்கட்டமைப்பை ஏஎம்டி நிறுவனம் வகுத்ததால் இப்பெயர் பெற்றது. இன்டெலின் 64-பிட் செயலிகளுக்கும் இதுவே பொருந்தும்.
* ஐ386: பழைய 32-பிட் செயலிகளுக்குரியது. 2025இல் வெளியான டெபியன் 13இல் இதற்கு நிறுவல் படிமம் இல்லை. 2023இல் வெளியான டெபியன் 12இல் உண்டு.
* ஆர்ம்64: 64-பிட் ஆர்ம் செயலிகளுக்குரியது.

தமிழ்நாட்டில்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய வழங்கல் ஆகும். செஞ்சி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு லினக்ஸ் இவ்வாறு ஆயத்தமாகவே கிடைத்தது. அத்தகைய கணினியில் மீண்டும் நிறுவும்போது படிமத்தைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

லினக்ஸ் முனையத்தில் 'எல்எஸ்சிபியு' என்னும் கட்டளை செயலியின் வகையைக் காட்டும். 32-பிட் இயங்குதளம் நிறுவப்பட்டிருப்பதால் மட்டும் செயலியும் 32-பிட் என முடிவு செய்தல் கூடாது. பதிவிறக்கிய படிமத்தின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் தந்த தொகையுடன் ஒப்பிட்டால், கோப்பு சிதையாமல் வந்துள்ளதை அறியலாம். நிறுவுதல் வட்டிலுள்ள தரவுகளை அழிக்கக்கூடும். ஆதலால் அவற்றை முன்னரே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.