ரெகே: கந்தலில் பிறந்த சொல்

1968இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் மேட்டல்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. பெயர் 'டூ த ரெகே'. தயாரித்தவர் லெஸ்லி காங். இன்று ஆங்கிலத்தில் 'ஏ', 'இ' என்று முடிகிற ரெகே என்ற சொல், அந்தத் தட்டில் 'ஏ', 'ஒய்' என்று முடிந்தது. வாயில் புழங்கிய சொல்லை முதன்முதலாக எழுதும்போது கை தடுமாறத்தானே செய்யும்! ரெகே என்ற இசைவகையின் பெயர் பாட்டில் ஏறியது அப்போதுதான் என்பார்கள்.

ஏற்றியவர் அந்தக் குழுவின் பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட். 1942இல் மே பென் என்ற ஊரில் பிறந்து, தேவாலயத்தில் பாடிப் பழகியவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து கிங்ஸ்டனுக்கு வந்து, டிரெஞ்ச்டவுன் குடிசைப் பகுதியில் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தார். 1966இல் 'பேம் பேம்' பாட்டுக்கு ஜமைக்க சுதந்திர விழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், கஞ்சா வழக்கில் சிறைக்குப் போனார். வெளியே வந்து, கைதி எண்ணையே பல்லவியாக்கி '54-46' என்று பாடினார். கஞ்சா என்ற சொல்லும் ஜமைக்காவுக்கு வந்தேறிதான். 1845 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு கப்பலேறிப் போய், அங்கே அதே பெயரில் நிலைத்துவிட்டது.

ரெகே எப்படி வந்தது? டூட்ஸ் சொன்ன கதை எளிமையானது. கிங்ஸ்டன் தெருக்களில் 'ஸ்ட்ரெகே' என்று ஒரு வசைச்சொல் இருந்தது. கந்தலாக, அலங்கோலமாக உடுத்தியவர்களைப் பார்த்துச் சொல்வது. பாடிப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில் அதையே கொஞ்சம் திருப்பி 'ரெகே ஆடுவோம்' என்றாராம். 1967இல் முதற்பதிப்பு கண்ட காசிடி, லெ பேஜ் இருவரின் ஜமைக்க ஆங்கில அகராதி 'ரெகெ-ரெகெ' என்ற சொல்லைக் காட்டுகிறது. அதற்குக் கந்தல் துணி என்று ஒரு பொருள், சச்சரவு என்று இன்னொரு பொருள்.

நம் இலக்கணத்தில் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும். 'சல' என்று தனியாகச் சொன்னால் ஒன்றும் இல்லை. ஜமைக்காவிலோ இரட்டையில் ஒன்று பிரிந்து வந்து உலகம் முழுக்கப் பொருள் பெற்றுவிட்டது.

பாப் மார்லி வேறு விளக்கம் தந்தார்: ஸ்பானிய மூலம், அரசனின் இசை என்று. மார்லியை நேசிப்பவன்தான் நானும். ஆனால் இதில் டூட்ஸ் பக்கமே நிற்கிறேன். சேரி இளைஞர் வாயில் அரண்மனைச் சொல் புகுந்ததற்குத் தடம் வேண்டும். வசைச்சொல்லுக்கோ அகராதியிலேயே பக்கத்துவீட்டுச் சொந்தம் இருக்கிறது.

இசையும் பெயருக்கேற்ற பண்டம்தான். முந்தைய ஜமைக்க இசையான ஸ்கா வேகமாக ஓடியது. அடுத்து வந்த ராக்ஸ்டெடி நடை தளர்ந்தது. அதிலிருந்து ரெகே கிளைத்தது. நான்கு எண்ணிக்கையில் கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். பின்னாளில் 'ஒன் டிராப்' என்று பெயர் பெற்ற தாளத்தில் மத்தளத்தின் கனம் மூன்றில் விழும். முதல் எண்ணிக்கை வெறுமையாகக் கிடக்கும். சமத்தில் அடி விழுமென்று காத்திருக்கும் நம் காதுக்கு, துணியில் கிழிசல் தெரிவதுபோல அந்த இடம் தெரியும். உடம்பு அசைவதும் அந்த இடத்தில்தான்.

2018 நவம்பரில் யுனெஸ்கோ ரெகேயை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூட்டம் நடந்தது மொரீஷியஸின் போர்ட் லூயி நகரில். அந்தத் தீவில் இச்சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை பிறந்திருந்தது. உள்ளூர் 'செகா' இசையும் ரெகேயும் கூடி 'செகே'. அதை வளர்த்த பாடகர் காயா, 1999 பிப்ரவரியில் கஞ்சா புகைத்ததாகக் கைதாகிப் போலீஸ் காவலிலேயே இறந்தார். டூட்ஸ் வெளியே வந்து தன் எண்ணைப் பாடினார், 2020 செப்டம்பர் 11 வரை வாழ்ந்தார். காயா வெளியே வரவில்லை.