கூண்டில் எலிகள் சண்டையிடுவது ஏன்?

ஒரே கூண்டில் வளர்ந்த இரண்டு எலிகள் ஒரு நாள் திடீரென்று கட்டிப் புரண்டு சண்டையிடுகின்றன. ஒன்றின் முதுகில் இரத்தக் காயம். நீங்கள் என்ன செய்வீர்கள்? "இது பொல்லாத எலி" என்று மற்றொன்றைப் பிடித்துத் தனிக் கூண்டில் அடைத்துவிடுவீர்கள் அல்லவா? சற்றுப் பொறுங்கள். குற்றம் எலியினுடையதா, கூண்டினுடையதா? இக்கேள்விக்கு விடை தேடிய அறிஞர்களின் வரலாற்றைக் காண்போம்.

1947-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜான் கால்ஹூன், மேரிலாண்ட் மாநிலத்தில் கால் ஏக்கர் நிலத்திற்கு வேலியிட்டு அதில் காட்டுப் பழுப்பு எலிகளை வளர்க்கத் தொடங்கினார். உணவுக்குக் குறைவில்லை. பகை விலங்குகளின் தொல்லையும் இல்லை. இனப்பெருக்க வேகத்தைக் கணக்கிட்டால் 27 மாதங்களில் 5,000 எலிகள் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை 150-ஐத் தாண்டவில்லை. உணவு இருந்தும் குட்டிகள் பிழைக்கவில்லை. எலிகள் ஒன்றோடொன்று பழகும் முறையிலேயே காரணம் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

அதை அருகிலிருந்து காண, 1950-களின் பிற்பகுதியில் பண்ணைக் களஞ்சியம் ஒன்றில் அறைகளை அமைத்தார். ஒவ்வோர் அறையும் 10 அடிக்கு 14 அடி. அதை மின்தடுப்புகளால் 4 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குப் பகுதி ஏறி இறங்கச் சாய்வுப் பாலங்கள் வைத்தார். முதல் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையே மட்டும் பாலம் இல்லை. எனவே ஓரப் பகுதிகள் இரண்டிற்கும் ஒரே வாசல். நடுப் பகுதிகளுக்கோ இரண்டு வாசல்கள். 48 எலிகள் வசதியாக வாழக்கூடிய அறையில் 80 வெள்ளை எலிகள் வரை பெருக விட்டார்.

விளைவு வியப்பானது. வலிமை குன்றிய ஆண் எலிகள், தொல்லையின்றி உண்பதற்காக முந்தி எழுந்து நடுப் பகுதிகளுக்குச் சென்றன. திரும்பி வரும்போது ஓரப் பகுதியின் தலைவன் விழித்துக்கொண்டு ஒற்றை வாசலில் வழி மறித்தான்! தோற்ற எலிகள் நடுப் பகுதிகளிலேயே தங்கிவிட்டன. வாசலில் படுத்துக் காவல் காத்த தலைவனின் பகுதியில் அமைதி நிலவியது. தாய்கள் குட்டிகளைப் பேணின. நடுவிலோ ஓயாத கடியும் குழப்பமும்.

உணவு வைத்த முறையும் சேர்ந்துகொண்டது. கம்பி வலைக்குப் பின்னால் கடினமான உணவு உருண்டைகள் இருந்தன. கொறித்துத் தின்ன நெடுநேரம் ஆகும். பக்கத்தில் இன்னோர் எலி இருந்தால்தான் உண்பது என்று எலிகள் பழகிவிட்டன. உணவு வேளையில் 80-இல் 60 எலிகள் கூட ஒரே பகுதியில் நெருக்கின. இதைக் கால்ஹூன் 'நடத்தைப் படுகுழி' என்றார். அங்கே 96 சதவீதக் குட்டிகள் இறந்தன. பின்னர் உணவைத் தூளாக வைத்தபோது அப்படுகுழி தோன்றவில்லை. இறப்பும் 80 சதவீதமாகக் குறைந்தது. நெரிசலின் தீமை நீங்கவில்லை. ஆனால் ஓரளவு தணிந்தது.

1962-இல் இம்முடிவுகள் வெளியானதும், மக்கள் நெருக்கம் மனிதரையும் இப்படியே கெடுக்கும் என்று பலர் அஞ்சினர். 1975-இல் உளவியலாளர் ஜொனாதன் ஃபிரீட்மன், நெருக்கம் மட்டுமே மனிதரைக் கெடுப்பதில்லை என்று தம் ஆய்வுகளிலிருந்து வாதிட்டார். எண்ணி பாருங்கள்: ஒரே அறை, ஒரே இன எலிகள். ஆனால் ஓரத்தில் அமைதி, நடுவில் அழிவு. வேறுபட்டவை வாசலும் உணவுமே!

இன்னொரு காரணமும் உண்டு. காட்டு எலிகளை ஆராய்ந்த பார்னெட், ஆண் எலிகளை மட்டும் ஒன்றாகப் புதிய கூண்டில் விட்டால் அவை பெரும்பாலும் அமைதியாக வாழ்ந்தன என்று 1950-களில் கண்டார். பெண் எலிகள் சேர்ந்ததும், குடியிருக்கும் இடத்தில் அயல் எலி நுழைந்ததும் சண்டை மூண்டது. 1977-இல் ராபர்ட், கரோலின் பிளான்சர்ட் இணையர், தாக்கும் எலி பெரும்பாலும் முதுகையே குறிவைக்கிறது என்று காட்டினர். அதனால்தான் தாக்கப்பட்ட எலி நிமிர்ந்து நிற்கிறது அல்லது மல்லாந்து முதுகை மறைக்கிறது.

இனி உங்கள் கூண்டிற்கு வருவோம். பிடரியை மூக்கால் உரசி உருள்வது விளையாட்டு. மயிர் சிலிர்த்துப் பக்கவாட்டில் நெருக்கி முதுகில் கடிப்பது சண்டை. இரத்தம் வந்தால் உடனே பிரியுங்கள். வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள், தடித்த துணியைப் பயன்படுத்துங்கள். புதிய எலியை நேராகப் பழைய எலியின் கூண்டில் விடாதீர்கள். இரண்டுக்கும் புதிதான இடத்தில் பழக்கி, கூண்டை நன்கு கழுவி மணத்தைப் போக்கிய பின் சேருங்கள். உணவையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒளியும் பெட்டிக்கு இரு வாசல்கள் இருக்கட்டும். இவ்வளவு செய்தும் ஓர் ஆண் எலி ஓயாது தாக்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விதைநீக்கம் பல எலிகளைச் சாந்தப்படுத்துகிறது.

ஓர் எலியைப் 'பொல்லாதது' என்று ஒதுக்குமுன், கூண்டின் வாசல்களையும் உணவுத் தட்டுகளையும் ஒருமுறை எண்ணுங்கள்.