த்ரீ நாட் த்ரீ: கடைசியில் யார் கையில்?

பழைய படங்களில் கான்ஸ்டபிள் தோளில் தொங்குமே, நீளமாய் ஒரு மரக்கட்டைத் துப்பாக்கி, ஞாபகம் இருக்கா? நாம் அதை 'த்ரீ நாட் த்ரீ' என்போம். அது துப்பாக்கியின் பெயர் இல்லை, குழல் துளையின் அளவு. 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். நாட் என்றால் பூஜ்யம், அவ்ளோதான். துப்பாக்கியின் சரியான பெயர் லீ-என்ஃபீல்டு.

லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். அவருடைய போல்ட், மேகசின் அமைப்பை வைத்து 1888-ல் பிரிட்டன் ஒரு துப்பாக்கியை ஏற்றது. ஆனால் அப்போது புதிதாக வந்த கார்டைட் என்ற வெடிமருந்தின் சூட்டில், குழலுக்குள் இருக்கும் திருகுப் பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்துபோயின. என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசு ஆலை அந்தப் பள்ளங்களை ஆழமாக்கிக் கொடுத்தது. 1895-ல் லீ-என்ஃபீல்டு பிறந்தது.

அன்றைக்கு அது ஒரு நல்ல ஆயுதம், சந்தேகமே இல்லை. ஜெர்மன் மவுசரில் 5 தோட்டா என்றால் இதில் 10. போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளும் தூரமும் குறைவு. பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய் குறி பார்த்தே நிமிடத்துக்கு 15 முறை சுடுவார்.

சரி, இந்தியச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். 1857 கிளர்ச்சியைப் பற்ற வைத்ததே என்ஃபீல்டு துப்பாக்கிதான். அது 1853 மாடல். கொழுப்பு தடவிய தோட்டா என்ற பேச்சு அதைச் சுற்றித்தான். கிளர்ச்சி அடங்கியதும் ஆங்கிலேயர் ஒரு பாடம் கற்றார்கள். இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழசாக இருக்கட்டும். அவர்களுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது, அவர்கள் கழித்த ஸ்னைடர் இவர்களுக்கு வந்தது.

1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. கொண்டுபோன துப்பாக்கிகளை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, புது மாடல் லீ-என்ஃபீல்டு கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஈப்ர முனையில் சண்டை. பழகாத துப்பாக்கியோடு போனார்கள்.

இதற்குள் துப்பாக்கி உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் லித்கோ, வங்காளத்தில் இஷாப்பூர், பிறகு இரண்டாம் உலகப் போரில் கனடாவின் லாங் பிராஞ்ச், அமெரிக்காவின் சாவேஜ் என்று ஆலைகள். மொத்த உற்பத்தி ஒரு கோடிக்கும் மேல். வடமேற்கு எல்லையில் டாரா ஆதம் கேல் கொல்லர்கள் கையாலேயே நகல் எடுத்தார்கள். மேலே பொறித்த ஆங்கில எழுத்தைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியதால் சிலவற்றில் எழுத்து தலைகீழாகவே இருக்கும். 1980-களில் ஆப்கன் போராளிகள் சோவியத் படையை எதிர்க்கவும் லீ-என்ஃபீல்டு பயன்பட்டது.

இவ்வளவு பரவிய பொருள் லேசில் சாகாது. ஆலை இருக்கு, தோட்டா இருக்கு, கிடங்கில் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கு. 1957-ல் பிரிட்டன் தானியங்கியாக நிரப்பிக்கொள்ளும் எஸ்.எல்.ஆருக்கு மாறிவிட்டது. ஆனால் 1962-ல் இமயமலையில் சீனப் படையை நம் வீரர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்து இழுத்துத்தான் எதிர்கொண்டார்கள். போருக்குப் பிறகு ராணுவமும் எஸ்.எல்.ஆருக்குப் போனது. த்ரீ நாட் த்ரீ போலீஸுக்கு இறங்கியது.

2008 நவம்பர் 26. மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையம். உள்ளே வந்த இருவர் கையில் 30 தோட்டா மேகசினோடு ஏ.கே. ரகத் துப்பாக்கிகள். எதிரே ரயில்வே போலீஸில் சிலரிடம் த்ரீ நாட் த்ரீ, மற்றவர்களிடம் லத்தி. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். அந்தக் காவலர்களின் தைரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருந்தது அவர்களுடைய தாத்தா காலத்துக் கருவி.

"பழசு என்றால் மோசமா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கனடாவின் வடகோடியில் ரோந்து போகும் ரேஞ்சர்கள் 2018 வாக்கில்தான் இதை மாற்ற ஆரம்பித்தார்கள். கடும் பனியிலும் மக்கர் பண்ணாது; எதிரே வருவது துருவக் கரடி என்றால் போல்ட் துப்பாக்கி போதும். அங்கே அது வேலைக்குப் பொருத்தமாக இருந்ததால் தங்கியது. மும்பையில் தங்கியதற்குக் காரணம் வேறு. மாற்றிக் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை.

உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. அணிவகுப்பு, மரியாதை எல்லாம் நடந்தது. பதிலுக்கு வந்தவை எஸ்.எல்.ஆரும் இன்சாஸும். எஸ்.எல்.ஆர். ராணுவம் எப்போதோ கழித்தது. இன்சாஸ் அப்போதுதான் ராணுவம் கழிக்கத் தொடங்கியிருந்தது.

வெள்ளைக்காரன் போய் எழுபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு தலைமுறை பழசு என்ற கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.