மொண்டிசோரி: எமது ஊர்ப் பெயர்ப்பலகையின் கதை



எமது ஊரில் சின்னப் பிள்ளையை நேர்சரிக்கு அனுப்புவதை "மொண்டிசோரிக்கு அனுப்புறது" என்றுதான் சொல்கிறோம். பெயர்ப்பலகைகளிலும் அதே சொல். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் கலாசாலையில் படித்த காலத்திலும் அது பரீட்சைக்காக மனனம் செய்த அரைப்பக்கக் குறிப்புத்தான். தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் இந்த நாட்களில் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ரோம் நகர மதிலுக்கு வெளியே, பெரிய மையவாடி ஒன்றின் பக்கத்தில், சான் லொரென்சோ என்றொரு பகுதி இருக்கிறது. 1880களில் அங்கே கட்டட வியாபாரம் சூடுபிடித்துப் பிறகு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பாதியில் நின்ற மாடிக் கட்டடங்களில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பின்னர் ஒரு நிறுவனம் அவற்றை எடுத்துத் திருத்தி, வாடகைக்குக் கொடுத்தது. தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பாடசாலை வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படிகளில். புதிதாகப் பூசிய சுவர்களைக் கிறுக்கிப் பழுதாக்கினார்கள். நிறுவனத்தின் பணிப்பாளர் எட்வார்டோ தலாமோ கணக்குப் பார்த்தார். சுவர் திருத்தும் காசில் இந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே! உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்விமுறை இப்படிச் சுண்ணாம்புச் செலவை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் தொடங்கியது.

அந்தப் பொறுப்பை ஏற்றவர் மரியா மொண்டிசோரி. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற வைத்தியர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு ஏற்கனவே வேலை செய்தவர். 1907 ஜனவரி 6ஆம் திகதி, அந்தக் குடியிருப்புக்குள்ளேயே ஓர் அறையில் "பிள்ளைகள் இல்லம்" திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பிள்ளைகள். வீடும் பாடசாலையும் ஒரே கூரையின் கீழ்.

எமக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, சுவரில் ஒட்டப்பட்ட விதிகள். கட்டணம் இல்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில், நேரத்துக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். தாய் வாரம் ஒரு முறையாவது ஆசிரியையிடம் வந்து, வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பேச வேண்டும். பெற்றோரின் நடத்தை பிள்ளையின் படிப்பைக் கெடுத்தால் பிள்ளை நீக்கப்படும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான பாடசாலையில் விதிகளில் முக்கால்வாசி பெரியவர்களுக்கு!

உள்ளே என்ன படிப்பித்தார்கள்? கை கழுவுவது, கூட்டுவது, மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைப்பது, பொத்தான் பூட்டுவது. ஒருநாள் மூக்கை எப்படிச் சீறுவது என்று செய்து காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்களாம். மூக்கு ஒழுகுவதற்காக எல்லாரும் அவர்களை ஏசியிருக்கிறார்கள், ஒருவரும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்ததில்லை.

எழுத்துப் படிப்பிக்கும் எண்ணம் ஆரம்பத்தில் மொண்டிசோரிக்கு இருக்கவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார்தான் வந்து கேட்டார்கள். அப்போதும் அவர் கொப்பியைக் கொடுத்து எழுது என்று சொல்லவில்லை. மண்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ விட்டார். மார்கழி மாதத்தில் ஒருநாள் மொட்டைமாடியில் ஒரு பையனிடம் சோக்கைக் கொடுத்து, புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன், "எனக்கு எழுதத் தெரியும்" என்று கத்திக்கொண்டு தரையில் "மானோ" என்று எழுதினான். இத்தாலிய மொழியில் அதற்குக் கை என்று பொருள்.

மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து போனார். அவருடைய பெயர் இங்கே நன்றாக ஊன்றிவிட்டது. அந்தச் சுவரில் ஒட்டிய தாள் மட்டும் வந்து சேரவில்லை.

இன்று மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பி. வருட முடிவில் தொப்பியும் கறுப்பு அங்கியும் போட்டுப் பட்டமளிப்பு விழா. (அந்த வெயிலில் அங்கியோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.) அதே பிள்ளை தரம் ஒன்றுக்கு வரும்போது ஏ முதல் இசட் வரை ஒப்புவிக்கும். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறக்க மாட்டாது, மலசலகூடம் போய்வந்தால் பொத்தான் பூட்டத் தெரியாது. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். வீட்டில் அதனோடு அதிகம் பேசியது போன்தான் என்று விளங்கிவிடும். நேர்சரிப் பக்கமே போகாமல் உம்மும்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வளர்ந்த பிள்ளை, கோழி குஞ்சு பொரித்த கதையை மூச்சு விடாமல் சொல்லும். ஆனால் "எழுதத் தெரியாது" என்று வெட்கப்படுவது அந்தப் பிள்ளையின் வாப்பாதான். நாங்களோ முதல் வாரங்களில் எழுத்தைத் தேடுவதில்லை. விளையாட்டு, பாட்டு, வரைதல் என்று விட்டுப் பிள்ளையை இனங்காண்கிற காலம் அது.

உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் "தாய் வாரம் ஒருமுறை வர வேண்டும்" என்று எழுதிவிட முடியாது. ஆகவே இம்முறை தரம் ஒன்று பெற்றோர் கூட்டத்துக்கு அந்த 1907 விதிகளைத் தமிழில் எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டப் போகிறோம், சில மாற்றங்களோடு. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை. உம்மா இல்லாவிட்டால் உம்மும்மா வரலாம், வாப்பா வரலாம், சாச்சி வரலாம். பிள்ளையை நீக்குவது பற்றிய விதியை எடுத்துவிட்டோம். கூட்டம் அஸருக்குப் பிறகு, கடைக்காரர்களும் வரக்கூடிய நேரமாகப் பார்த்து வைக்கிறோம்.