இலண்டனில் முதல் இரவு

அயலூர் செல்பவனை நோக்கிப் பெரியோர் முதலிற் கேட்கும் கேள்வி, “இராத் தங்க இடம் உண்டா?” என்பதே. காம்பார் போன்ற ஊர்களில் இக்கேள்விக்குத் தனிப்பொருள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தை நாடி வந்தவர்களால் பெருகிய ஊர் அது. வந்த சீனருக்குக் கொங்சி வீடு இருந்தது. மலாயாவின் துறைமுக நகரங்களில் இறங்கிய நகரத்தாருக்குக் கிட்டங்கி இருந்தது. தோட்டத் தமிழருக்குக் கங்காணி காட்டிய லயம் இருந்தது. புதியவனுக்கு வழி சொல்லவும், அவன் மூட்டையைக் காக்கவும், நோயுற்றால் செய்தி அனுப்பவும் ஒரு கூரை தேவை. அக்கூரையை அளித்தவனே அவனைக் கணக்கில் வைத்துக் காவலும் செய்தான் என்பது இதன் மறுபக்கம்.

ஐரோப்பியத் தலைநகரங்களுக்குச் சென்ற தமிழரின் வரலாற்றிலும் இவ்விரு பக்கங்களும் உள்ளன. அவற்றுள் இலண்டன் மாநகரமே சான்றுகள் மிகுந்தது.

கீழைநாட்டார் அந்நகரில் பெருந்தொகையாக இறங்கியது கப்பலோட்டிகளாகவே. லஸ்கர் எனப்பட்ட இவர்கள், வந்த கப்பல் சரக்கிறக்கி மறு பயணம் புறப்படும் வரை துறைமுகச் சந்துகளில் அலைந்தனர். குளிரிலும் பசியிலும் மாண்டோர் பலர். கூலியை ஏமாற்றிப் பறிக்கும் விடுதிக்காரருக்கும் குறைவில்லை. இந்நிலை கண்டு, 1857இல் லைம்ஹவுஸ் பகுதியில், மேற்கிந்தியத் துறைமுகச் சாலையில், ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகிய அயலாருக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே படுக்கையும் உணவும் கிடைத்தன. ஊர் திரும்பக் கப்பல் வேலை தேடித் தரவும் வழி செய்யப்பட்டது. அவ்வில்லம் 1937 வரை நடைபெற்றது.

கப்பலோட்டிகளைவிட ஆதரவற்ற நிலையில் நின்றவர்கள் ஆயாக்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு ஆயா என்றவுடன் ஆயாக்கொட்டகை நினைவுக்கு வரும். பால்வெட்டப் போன தாயர் தம் குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் அது. கடல் கடந்த ஆயாவின் தொழிலும் அதுவே. ஆனால் அவள் கையில் இருந்தது துரைமார் குழந்தை. இந்தியாவிலிருந்து தாயகம் திரும்பும் வெள்ளையர் குடும்பங்கள், வாரக்கணக்கான கடற்பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இப்பெண்களை அழைத்துச் சென்றன. சென்னைப் பகுதியிலிருந்து சென்றோரும் இவர்களுள் உண்டு. கப்பல் கரை சேர்ந்ததும் வேலை முடிந்தது. திரும்பும் செலவை ஏற்ற குடும்பங்களும் இருந்தன. ஏற்காமல் கைவிட்டவையும் இருந்தன. 1908இல் பம்பாயிலிருந்து வந்த ஓர் ஆயாவை, அவரை வேலைக்கு வைத்திருந்தவர்கள் கிங்ஸ் கிராஸ் புகைவண்டி நிலையத்தில் ஒரே ஒரு பவுனுடன் விட்டுச் சென்றனர். மொழி தெரியாத அப்பெண், அந்நிலையத்தின் இரைச்சலில் எத்திசை நோக்கி நடந்திருப்பார்?

இத்தகையோர்க்கென ஓர் ஆயா இல்லம் முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது. 1900இல் ஹாக்னியில் 26, கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. 1921இல் அதே தெருவின் 4ஆம் எண் வீட்டிற்குச் சென்றது. இலண்டன் நகரச் சமயப் பணிச் சங்கம் இதனை நடத்திற்று. இல்லம் நடந்த முறை எளியது, கூரியது. அழைத்து வந்த குடும்பம் ஆயாவின் திரும்பும் பயணச் சீட்டை இல்லத் தலைவியிடம் ஒப்படைக்கும். இந்தியா செல்லவிருக்கும் வேறொரு குடும்பம் ஆயா தேடி வரும்போது, தலைவி அச்சீட்டை அதற்கு விற்பார். அப்பணத்தில் ஆயாவின் தங்கும் செலவு கழியும். அவளும் வேலை செய்துகொண்டே ஊர் திரும்புவாள். சீட்டே இல்லாமல் விடப்பட்டவளுக்கு இவ்வழி அடைபட்டது. அவள் அறக்கொடையையே நம்ப வேண்டியிருந்தது. கப்பல் பட்டியல்களிற்கூட இப்பெண்களில் பலர், இன்ன துரைசானியின் ஆயா என்றே பதிவாயினர். சொந்தப் பெயர் ஏட்டில் ஏறாமலே ஐரோப்பாவைப் பல முறை கண்டு திரும்பியவர்கள் அவர்கள்.

மாணவர் நிலை வேறு. 1888இல் இலண்டன் வந்த காந்தியடிகள் விக்டோரியா ஓட்டலில் தங்கி, 3 பவுன் கணக்குச் சீட்டைக் கண்டு திகைத்ததைத் தம் வரலாற்றில் கூறுகிறார். பிற்காலத்தில், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, இந்திய மாணவர்க்கென இலண்டன் வழிகாட்டி ஒன்றையும் எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. பாரிசில் ஏழு நாள் தங்கியபோது நகரப் படம் ஒன்றை வாங்கிக் கொண்டு அதன் துணையாலேயே சுற்றினார். அதே பயணத்தில் ஈபெல் கோபுரத்து உணவகத்தில் 7 ஷில்லிங்கை வீணாக்கியதும் உண்டு. அவர் 1890 என்று குறிக்கும் அப்பொருட்காட்சி உண்மையில் 1889இல் நிகழ்ந்தது; நினைவிலிருந்து எழுதுவோர்க்கு நேரும் சிறு பிழை.

தமிழர்க்கு மிக நெருங்கிய செய்தி, கிராம்வெல் பெயர் தாங்கிய இரு வீடுகளைப் பற்றியது. ஹைகேட் பகுதியில் 65, கிராம்வெல் அவென்யூ என்னும் முகவரியில் 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா திறந்தது இந்தியா ஹவுஸ். குறளை ஆங்கிலத்தில் தந்தவரும் ‘மங்கையர்க்கரசியின் காதல்’ எழுதியவருமாகத் தமிழாசிரியர் நன்கறிந்த வ.வே.சு. ஐயர், சட்டம் பயிலச் சென்று இவ்வீட்டைச் சேர்ந்தார். டாக்டர் தி.சே.செள. ராஜனும் அங்கிருந்தார். வெளியே துப்பறிவோர் நின்றனர். உள்ளேயும் ஓர் ஒற்றர் புகுந்தார். 1909 ஜூலை 1இல் மதன்லால் திங்க்ராவால் கர்சன் வைலி சுடப்பட்டு இறந்தபின் அவ்வீடு நிலைக்கவில்லை. ஐயர் 1910இல் மாறுவேடத்தில் பாரிசுக்குத் தப்பினார். பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்னும் எழுத்துகளைக் கண்டு ஐயுற்றவரிடம், தம் பெயர் வீர விக்ரம சிங் என்று கூறித் தப்பினார் என்பர். அந்நாளில் ஐரோப்பிய நகரத்தில் பத்திரமாகச் செல்வது என்பதற்கு ஐயரளவில் பொருள் இதுவாக இருந்தது.

மற்றது தென்கென்சிங்டனில் 21, கிராம்வெல் சாலை. 1910இல் இந்திய மாணவர்க்குத் தங்குமிடமும் செய்தி நிலையமுமாக அரசின் ஆதரவில் அமைந்தது. 1914 ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்த கணிதமேதை இராமானுஜனை, பேராசிரியர் நெவில் காரில் நேரே இங்குதான் அழைத்து வந்தார். கும்பகோணத்துச் சூழலிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த முதல் சில நாள் ஆதரவு சிறிதன்று. ஆயினும் மாணவர் பலர் அவ்வீட்டை நம்பவில்லை. தம்மைக் கண்காணிக்கவே அது அமைந்தது எனக் கருதினர். அந்த ஐயம் 1921-22இல் லிட்டன் குழு ஆராயும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு வீட்டைக் காவல்துறை வெளியிலிருந்து நோக்கிற்று. மற்றொரு வீடோ உள்ளிருந்தே நோக்குகிறது என மாணவர் அஞ்சினர்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றைச் சேலத்தில் பிறந்த தமிழர் கே.டி. பால் கண்டார். இந்திய ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச்செயலாளராக இருந்த அவர், 1920இல் இலண்டனில் இந்திய மாணவர் விடுதியைத் தொடங்கினார். இந்தியர் நடத்தும் விடுதி என்பதே அதன் சிறப்பு. நிறங்கண்டு அறை மறுத்த வீட்டுக்காரிகள் மலிந்திருந்த காலம் அது. 1923இல் கவர் தெருவுக்கு மாறிய அவ்விடுதி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று.

மலாயாவிலிருந்தும் மாணவர் சென்றனர். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான, பேராக்கைச் சேர்ந்த ஜான் திவி, போருக்குமுன் இலண்டனில் சட்டம் பயின்று, அங்கேயே காந்தியடிகளைக் கண்டவர். போருக்குப்பின் பிரயன்ஸ்டன் சதுக்கத்து மலாயா ஹால் மாணவர்க்குச் சொந்த வீடாயிற்று. படுக்கைக்கு மட்டுமன்று, அரசியலுக்கும். 1950 ஜனவரியில் லீ குவான் யூ நாடு திரும்பும் மாணவரைப் பற்றிப் பேசியது அங்கேதான்.

வழி தேடும் தொல்லையைப் பெரிதும் நீக்கியது ஹாரி பெக் என்பவர் வரைந்து 1933இல் வெளியான சுரங்க இரயில் படம். உண்மைத் தொலைவைப் பொருட்படுத்தாது, நிறங்களாலும் நேர்க்கோடுகளாலும் அமைந்த அதனை, ஆங்கிலம் அரைகுறையாக அறிந்தவரும் பின்பற்றலாம். 1937இல் அந்நகரில் தொடங்கிய 999 என்னும் அவசரத் தொலைபேசி எண்ணே மலேசியாவிலும் வழங்குவதால், காம்பாரிலிருந்து செல்வோர் புதிதாக மனனம் செய்ய வேண்டியதில்லை. வண்டிகளும் அங்கே இடப்புறமே ஓடுகின்றன. சாலை கடக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டியது பாரிசில்தான். கைப்பேசியில் படம் பார்த்தபடி நடைபாதை ஓரத்தில் நிற்பவரிடமிருந்து அதனைப் பறித்து மிதிவண்டியில் மறைவோர் இன்று உளர். கடையின் உள்ளே ஒதுங்கி நின்று பார்ப்பது நலம்.

ஹாக்னி வீட்டின் சுவரில் 2022இல் ஆயாக்கள் நினைவாக நீலப் பலகை பதிக்கப்பட்டது. கே.டி. பால் தொடங்கிய விடுதி 1950களில் பிட்ஸ்ராய் சதுக்கம் 41ஆம் எண்ணில் புதிய கட்டடம் கண்டு, அங்கேயே நிலைத்தது. வாரன் தெரு நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம்.