கிழிந்த ஏட்டின் கதை

அமெரிக்க நூலகங்களுக்குக் கொடையாக வரும் பழைய குடும்ப விவிலியங்கள் பலவற்றில், பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு இடையே பிறப்பு, மணம், இறப்புக் குறிக்கும் ஏடுகள் உண்டு. ஆராய்வோர் முதலில் நோக்க வேண்டுவது அச்சாண்டு. 1,600க்கு மேற்பட்ட படங்களுடன் ஹார்ப்பர் நிறுவனம் 1846இல் நூலாக்கிய விவிலியத்தில் 1810ஆம் ஆண்டுப் பிறப்பொன்று காணப்படின், அது பின்னாளில் நினைவிலிருந்தோ வேறு குறிப்பைப் பார்த்தோ எழுதப்பெற்றதே. படங்களில் மயங்கி நிற்போர் இதனைக் காண்பதில்லை.

சிலவற்றில் அவ்வேடே இராது. உடனே களவென்று முடிவு கட்டலாகாது. அமெரிக்க விடுதலைப் போர் வீரரின் கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் வழங்க 1836இல் சட்டம் வந்தபோது, கணவரின் போர்ப்பணி முடியுமுன்னரே மணம் நடந்ததென மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வேறு சான்று ஏது? முதிய பெண்கள் பலர் திருநூலின் ஏட்டையே கிழித்து அனுப்பினர். அவ்வேடுகள் வாஷிங்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், அவர்தம் மனுக்களோடு உள்ளன, நூல்கள் எங்கெங்கோ.